கணக்கறிந்தவன் சூதாடலாமோ?

நம் கல்லூரியின் விழா மலரிலே, கனடா நாட்டிற் பனிக்கட்டித் தரையின்மீது ஆடப்படும் ஹொக்கி விளையாட்டைப் பற்றித் தமிழாசிரியர் ஒருவர் எழுதப் புகுவது பொருத்தமோ என வினவுவார் உளர். பொருத்தமே என்பது எமது துணிபு. இம்மலரை விரித்துப் படிக்கும் பழைய மாணவர்களிற் பலர் இன்று ரொறன்ரோவிலும் மொன்றியாலிலும் இல்லம் அமைத்து வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் பனிச்சப்பாத்து அணிந்து வளர்கின்றனர். சித்திரை பிறந்து ஆனி முடியுமட்டும் அந்நகரங்களில் ஆண்களும் பெண்களும் பேசும் பேச்செல்லாம் இவ்விளையாட்டின் கிண்ணச் சுற்றுகளைப் பற்றியதே என்று கேள்வியுறுகிறோம். மாணவர் சென்ற இடமெல்லாம் ஆசிரியரின் அக்கறையும் செல்லுதல் இயல்பன்றோ?

எம்மிடம் தமிழ் பயின்று, இப்பொழுது ரொறன்ரோவிற் கணக்காய்வுத் துறையில் நற்பெயருடன் விளங்கும் அன்பர் ஒருவர் அண்மையில் எமக்கு நீண்டதொரு மடல் வரைந்திருந்தார். அதன் சாரம் மூன்று. குழுக்களையும் கோல் காப்பாளரையும் பற்றிய புள்ளிவிபரங்களை நன்கு ஆராய்ந்து, கிண்ணச் சுற்று ஆட்டங்களிற் பந்தயம் வைப்பது சூதாகாது; அறிவின் பயனேயாகும் என்பது ஒன்று. நளமகாராசனே எண்ணறிவு பெற்ற பின்னர்ச் சூதில் வென்று நாடு மீண்டான் ஆதலின் நம் முன்னோரும் இதற்கு உடன்பட்டனர் என்பது மற்றொன்று. பழைய மாணவர் பலர் கூடிப் பந்தயம் வைத்து, வெல்லும் பணத்திற் பத்திலொரு பங்கைக் கல்லூரி நூல்நிலைய நிதிக்கு அளிக்கலாம் என்பது மூன்றாவது. மடலுடன் நேர்த்தியான அட்டவணைகள் நான்கும் இணைக்கப்பட்டிருந்தன.

மடலின் நடை எமக்கு மகிழ்ச்சி தந்தது. அட்டவணைகள் அதனினும் மகிழ்ச்சி தந்தன. ஆயினும் அதன் முடிபுடன் நாம் உடன்படவில்லை. இக்கேள்வி ஒருவருக்கு மட்டும் உரியதன்று; ஆதலின் எமது விடையை இம்மலர் வாயிலாகவே எல்லோர்க்கும் கூறத் துணிந்தோம். அறநூலைக் காட்டி அச்சுறுத்துதல் எம் நோக்கமன்று. கணக்கைக் காட்டி வாதிட்டவர்க்குக் கணக்கையே காட்டி விடையிறுத்தல் முறை.

முதற்கண் ஆட்டத்தை அறியாத மாணவர் பொருட்டுச் சில சொற்கள். ஒரு குழுவில் ஒரே வேளையில் ஆடுவோர் அறுவர். அவருள் ஒருவர் கோல் காப்பாளர். 20 நிமிடங் கொண்ட பகுதிகள் மூன்று. 'பக்' என வழங்கும் றப்பர் வட்டை எதிரியின் வலைக்குள் அடித்தல் வேண்டும். 1917ஆம் ஆண்டில் மொன்றியால் நகரிலே தோன்றிய தேசிய ஹொக்கிச் சங்கத்தில், 2024–25 பருவத்தில் 32 குழுக்கள் ஒவ்வொன்றும் 82 ஆட்டங்கள் ஆடின. அவற்றுள் 16 குழுக்கள் கிண்ணச் சுற்றுக்குத் தெரிவாயின. 1892ஆம் ஆண்டிற் கனடாவின் மகாதேசாதிபதியாயிருந்த ஸ்ரான்லிப் பிரபு வழங்கிய கிண்ணமே அவர்கள் அவாவும் பரிசு. ஒவ்வொரு சுற்றிலும் இரு குழுக்கள் மோதும். ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்லும் குழு மேற்செல்லும். இவ்வாறு நான்கு சுற்றுகளில் 16 வெற்றி பெறுவோர்க்கே கிண்ணம் உரியது.

கோல் காப்பாளரின் திறமையை அளக்கும் எளிய அளவு காப்பு வீதம் ஆகும். தம்மை நோக்கி வந்த அடிகளில் எத்தனையைத் தடுத்தார் என்பதே அது. 2018–19 பருவ அளவில், ஆயிரம் அடிகளில் 910ஐத் தடுத்தவர் நடுத்தரமானவர்; 920ஐத் தடுத்தவர் சிறந்தவர்; 930ஐ எட்டியவர் அப்பருவத்தின் மாமணி எனலாம். ஒரு குழுவின் ஆற்றலை அளக்க, அது எதிரியின் வலையை நோக்கி அடிக்க முயன்றவற்றையும் அதன்மீது எதிரி அடிக்க முயன்றவற்றையும் ஒப்பிடுகின்றனர். பவலோக் குழுவின் கோல் காப்பாளர்களுக்குப் பயிற்சியளித்த ஜிம் கோர்சி என்பவர் பெயரால் அது வழங்குகிறது. அடித்த தூரம், கோணம் முதலியவற்றை நோக்கி, ஒவ்வோர் அடியும் கோலாகும் நிகழ்தகவைக் கணித்துக் கூட்டும் முறையும் இப்போது பெருவழக்கு. இவையெல்லாம் நன்முறையான ஆராய்ச்சிகள். வெறும் வெற்றி தோல்விப் பட்டியலினும் உண்மையை மிகுதியாகக் காட்டுவன. இதனை நாம் மறுக்கவில்லை.

கோல் காப்பாளர் ஒருவர் தனித்து நின்று ஒரு குழுவைக் கரையேற்ற வல்லவர் என்பதையும் மறுக்கவில்லை. 2012ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் குழு தன் பிரிவில் எட்டாவதாக, அதாவது கடைசி இடத்தில், கிண்ணச் சுற்றினுள் நுழைந்தது. அதன் காப்பாளர் ஜொனதன் குவிக் ஆயிரத்துக்கு 946 என்னும் வீதத்தில் அடிகளைத் தடுத்தார், கிண்ணம் அவர்களுடையதாயிற்று. ஆனால், பந்தயம் வைப்பவனுடைய கேள்வி, "கோல் காப்பாளர் ஆட்டத்தைத் தீர்மானிப்பாரா?" என்பதன்று. "எந்தக் காப்பாளர் தீர்மானிப்பார் என்பதை ஆட்டத்துக்கு முன்னரே அறியலாமா?" என்பதேயாகும். இவ்விரண்டுக்குமிடையேயுள்ள வேறுபாட்டை மறப்பதிலேயே மயக்கம் தொடங்குகிறது.

2018–19 பருவத்தைப் பாருங்கள். தம்பா பே லைட்னிங் குழு 62 வெற்றிகளும் 128 புள்ளிகளும் பெற்றது. அதன் காப்பாளர் அன்ட்ரே வசிலெவ்ஸ்கி ஆயிரத்துக்கு 925 வீதம் காத்தார். சிறந்த காப்பாளர்க்குரிய வெசினாப் பரிசும் அவருக்கே கிடைத்தது. முதற் சுற்றிலே கொலம்பஸ் குழு அவர்களை நான்கு ஆட்டங்களிலும் தொடர்ச்சியாக வென்று வீட்டுக்கு அனுப்பியது. அந்நான்கிலும் வசிலெவ்ஸ்கியின் வீதம் 856. அவர் திறமை குன்றிவிட்டாரோ எனின், அதுவுமன்று. 2020இலும் 2021இலும் அதே காப்பாளருடன் அதே குழு கிண்ணத்தை வென்றது.

2022–23 பருவம் இன்னும் வியப்புடையது. பொஸ்ரன் புரூயின்ஸ் 65 வெற்றிகளும் 135 புள்ளிகளும் ஈட்டியது. சங்க வரலாற்றில் அதுவரை எக்குழுவும் எட்டாத உயரம் அது. காப்பாளர் லீனஸ் உல்மார்க்கின் வீதம் 938. அவ்வாண்டு வெசினாப் பரிசு அவருடையது. எதிர்நின்ற புளோரிடா பந்தேர்ஸ் குழுவுக்கு 92 புள்ளிகளே. அக்குழுவின் செர்கே பொப்ரொவ்ஸ்கி பருவம் முழுவதிலும் 901 என்னும் எளிய வீதத்தையே உடையவர். பொஸ்ரன் மூன்றுக்கு ஒன்று என முன்னின்றும், ஈற்றில் ஏழாவது ஆட்டத்தின் மேலதிக நேரத்தில் ஒரு கோலால் தோற்றது. அட்டவணையை மாத்திரம் நம்பியவர் எவரும் புளோரிடாவின் பக்கம் நின்றிரார்.

"இவை விதிவிலக்குகள்" என அன்பர் கூறலாம். விதிவிலக்குகளல்ல, எண்களே எதிர்பார்க்குமாறு கூறும் நிகழ்ச்சிகள் இவை. ஓர் ஆட்டத்தில் ஒரு காப்பாளரை நோக்கி ஏறக்குறைய 30 அடிகள் வருமெனக் கொள்வோம். 910 வீதமுடையவர் சராசரியாக 2.7 கோல்களை விடுவார். 920 வீதமுடையவர் 2.4 கோல்களை விடுவார். நடுத்தரமானவர்க்கும் சிறந்தவர்க்கும் உள்ள இடைவெளி மூன்று ஆட்டங்களுக்கு ஒரு கோல் அளவே. ஏழு ஆட்டத் தொடரொன்றில் 210 அடிகள் வருமாயின், 910 வீதமுடையவர் சராசரியாக 19 கோல்களை விடுவார். ஆயின், அவர் திறமை அணுவளவும் மாறாதிருக்க, தற்செயலால் மட்டும் அத்தொகை 15க்கும் 23க்கும் இடையே ஊசலாடும். மூன்று தொடர்களுள் ஏறக்குறைய ஒன்றில் அவ்வெல்லையையும் கடந்துவிடும். நம் கணித ஆசிரிய நண்பர்கள் இதனை நியம விலகல் எனக் கூறுவர். 15 கோல் விட்டவரை அத்தொடரின் வீதம் 929 என்று போற்றும். 23 கோல் விட்டவரை 890 என்று தூற்றும். இருவரும் ஒரே மனிதர்! மாமணிக்கும் கூழாங்கல்லுக்கும் உள்ள இடைவெளியினும் தற்செயலின் ஊசலாட்டம் பெரிதாயிருக்கும்போது, ஒரு தொடரைக் கொண்டு மனிதரை எடை போடுதலும், அந்த எடையைக் கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் பணம் வைத்தலும் பேதைமையன்றோ?

குழுவின் ஆற்றலைப் பற்றிய கணக்கும் இத்தகையதே. ஓர் ஆட்டத்தை நூற்றுக்கு 55 வீதம் வெல்லத்தக்க குழு, ஏழு ஆட்டத் தொடரை நூற்றுக்கு 61 வீதமே வெல்லும். நூற்றுக்கு 60 என்னும் பேராற்றல் இருப்பினும் தொடரை வெல்லும் வீதம் 71 தான். அத்தகைய பத்துத் தொடர்களில் மூன்றை நல்ல குழுவே இழக்கும். இது தெய்வச் செயலுமன்று, சதியுமன்று, பெருக்கல் வாய்பாடு.

மேலும், பருவகால எண்கள் கிண்ணச் சுற்றுக்கு அப்படியே பொருந்துவனவும் அல்ல. பருவ ஆட்டமொன்று சமநிலையில் முடியின், பக்கத்துக்கு மூவராக ஐந்து நிமிடம் ஆடி, அப்போதும் முடிவு வராவிடின் தனித்தனி அடிகளால் தீர்ப்பர். தோற்றவர்க்கும் ஒரு புள்ளி உண்டு. கிண்ணச் சுற்றில் அவ்வாறில்லை. வழமைபோலப் பக்கத்துக்கு ஐவர் ஆடும் 20 நிமிடப் பகுதிகள், ஒரு கோல் விழும் வரை நள்ளிரவைத் தாண்டியும் தொடரும். பருவப் புள்ளிகளிற் சில வேறோர் ஆட்டத்தில் ஈட்டியவை என்பதை அட்டவணை சொல்லாது. கிண்ணச் சுற்றில் வீரர்களின் காயங்களையும் மறைப்பர். "மேலுடற் காயம்", "கீழுடற் காயம்" என்பதற்கு மேல் குழுவினர் வாய் திறவார். காப்பாளரின் முழங்கால் நோவதை அறியாத அட்டவணை எத்துணை நீளமாயிருந்தும் என்ன?

இனிப் பந்தய நிலையத்தாரின் கணக்கை நோக்குவோம். அன்பரின் மடலில் இல்லாத அட்டவணை இஃதொன்றே. இருபக்கமும் சமமெனக் கருதப்படும் ஆட்டத்தில் 100 டொலர் வெல்ல விரும்புபவர் 110 டொலர் வைத்தல் வேண்டும். ஆகவே, நட்டமின்றி நிற்பதற்கே நூறு பந்தயங்களில் 52.4 வீதம் வெல்ல வேண்டும். பாதி வென்றவன் பாதியில் நிற்பதில்லை, படிப்படியாகக் கீழிறங்குகிறான். அன்பர் கற்ற காப்பு வீதத்தையும் கோர்சி எண்ணையும் பந்தய நிலையத்தார் கற்றிலரோ? அவற்றையே தொழிலாகக் கொண்டு கணிதப் பட்டதாரிகளைச் சம்பளத்துக்கு அமர்த்தியுள்ளனர். இன்னார் இன்று காப்பார் என்னும் செய்தி வெளியானவுடன் அவர்கள் விலையை மாற்றிவிடுகின்றனர். பருவகாலத்திலாவது இரண்டாங் காப்பாளர் ஆடும் நாளை முந்தி அறிந்து சிலர் சிறிது நயமடையக்கூடும். கிண்ணச் சுற்றிலோ பெரும்பாலும் ஒரே காப்பாளர் எல்லா ஆட்டங்களிலும் நிற்பதால், அந்தச் சிறு வாயிலும் அடைபடுகிறது. ஊரறிந்த இரகசியத்தைச் சந்தையில் விற்க முடியாது. உல்மார்க் சிறந்தவர் என்பதை நாம் அறிவோம், விலையிட்டவனும் அறிவான், அவ்வறிவுக்கான கூலி விலையினுள்ளேயே அடங்கிவிட்டது.

பல ஆட்டங்களை ஒன்றாகக் கோத்து வைக்கும் கூட்டுப் பந்தயம் இன்னும் கொடிது. சமமான நான்கு ஆட்டங்களையும் சரியாகக் கூறுதல் பதினாறில் ஒன்று. ஆகவே ஒரு டொலருக்கு 16 டொலர் தருதல் நேர்மை. ஆனால் முற்கூறிய விலைகளை நான்கு முறை பெருக்கினால் வருவது 13.3 தான். நூறு டொலருக்குச் சராசரியாக 17 டொலர் மறைந்துவிடுகிறது. எல்லாவற்றையும் மீறி எவரேனும் ஒருவர் மெய்யாகவே தொடர்ந்து வெல்வாராயின், அவர் வைக்கக்கூடிய தொகையைச் சில டொலர்களாகக் குறைத்துவிடுதல் பந்தய நிலையங்கள் பலவற்றின் வழக்கம். தோற்பவர்க்கு அகலத் திறந்த கதவு, வெல்பவர்க்கு இறுகச் சாத்தப்படுவதைக் கண்டும் இதனை அறிவுப் போட்டி என்று அழைத்தல் தகுமோ?

இத்தனைக்கும் பின்னர், "எமக்குத் திறமையுண்டு, சென்ற ஆண்டு நூற்றுக்கு 54 வீதம் வென்றோம்" என்பவர் இருப்பர். அவரது சொல்லை நாம் இகழவில்லை, சோதிக்கும்படியே வேண்டுகிறோம். 54 என்பது நாணயத்தைச் சுண்டினால் வரும் 50 அன்று, மெய்யான திறமையே என்று ஓரளவு உறுதியாகக் கூறுவதற்கு ஏறக்குறைய 625 ஆட்டங்கள் வேண்டும். ஓராண்டுக் கிண்ணச் சுற்றில் உள்ளவை 15 தொடர்கள். ஆட்டங்கள் குறைந்தது 60, கூடியது 105. ஆண்டுக்கு 85 எனக் கொண்டாலும், தாம் திறமையாளரா, நற்பேறுடையவரா என்பதை அறிய ஏழு ஆண்டுகளுக்கு மேற்செல்லும். அதுவரை வைத்த பணம் அறிவின்மீது வைத்ததன்று. அறிவுடையோம் என்னும் எண்ணத்தின்மீது வைத்தது.

இனி நளன் கதை. அன்பர் அதனை நினைவிற் கொண்டிருந்தமை தமிழாசிரியராகிய எமக்குப் பெருமையே. மகாபாரதத்து ஆரணிய பருவத்தில், வாகுகன் என்னும் பெயருடன் தேரோட்டிய நளனுக்கு, இருதுபன்ன வேந்தன் வழியிலே நின்ற தான்றி மரத்தைக் காட்டி, அதன் இரு கிளைகளிலுள்ள காய்கள் 2095 எனக் கூறுகிறான். நளன் தேரை நிறுத்தி இறங்கி எண்ணிப் பார்க்கிறான், தொகை பிசகவில்லை. அவ்வித்தையைப் பரிவுரை வித்தைக்கு மாறாகப் பெற்றபின், அவனைப் பற்றியிருந்த கலி நீங்குகிறான். சிறு பகுதியை நோக்கி முழுமையை மதிக்கும் கணக்கியலும் சூதும் உடன்பிறந்தன என்பதற்கு உலக இலக்கியத்தில் இதனினும் பழைய சான்று அரிது. இதுவரை அன்பர் கூற்றுக்கு இசைவே.

ஆனால், கதையின் எஞ்சிய பகுதியையும் படித்தல் வேண்டும். வேந்தன் சொன்ன தொகையை நளன் உடனே நம்பினானல்லன். தமயந்தியின் நகர் நோக்கி விரையும் அவசரத்திலும் தேரை நிறுத்தி எண்ணிச் சரிபார்த்தான். கணக்கறிவின் முதற் பண்பு ஐயுறுதல் என்பதனை அவன் செயல் காட்டுகிறது. பின்னர் அவன் எதிர்த்தாடியது ஒரே ஒருவனை; ஒவ்வோர் உருட்டலிலும் பங்கு கொள்ளும் மூன்றாமவன் அங்கில்லை. இழந்த நாட்டை மீட்டபின் தம்பி புட்கரனுக்கு அவனுடைய பங்கைத் திருப்பியளித்து வாழ்த்தி அனுப்பினான். நாள்தோறும் ஆடுதற்கு நளன் கற்கவில்லை. ஆட்டத்தினின்று விடுபடுதற்கே கற்றான். எண்ணறிவு வந்தவுடன் கலி வெளியேறினான் என்று கதை கூறுவதை, எண்ணறிவைக் காட்டிக் கலியை மீண்டும் உள்ளழைப்பதற்குச் சான்றாகக் கொள்வது முறையன்று.

திருவள்ளுவர் சூதினை அறத்துப்பாலில் வைத்திலர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பொருட்பாலிலே, கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையில் வைத்தார். பாவம் என்று ஒதுக்காது, பொருளாட்சியின் பிழையென்றும் உடலைப் பற்றும் நோய்க்கு அயலானதென்றும் அவர் கண்டார் போலும். தோல்வியைக் காட்டிலும் வெற்றியையே அவர் தூண்டிலாகக் காட்டியிருத்தல் கருதத்தக்கது. முதல் ஆண்டு வென்றவர்களின் நிலை அதுவே. தோற்றவன் சலித்து விலகலாம்; வென்றவன் தன் அட்டவணையைப் புகழ்ந்துகொண்டு தொகையைப் பெருக்குவான்.

"கமக்காரனும் மழையை நம்பி வெங்காயம் நடுகிறானே, வணிகனும் விலையை நம்பிச் சரக்கு வாங்குகிறானே, அவையும் பந்தயமே" என்பார்க்கு ஒரு சொல். கமக்காரன் துணிவதனால் ஊருக்கு வெங்காயம் கிடைக்கிறது. அவன் வெல்வதற்கு இன்னொருவன் தோற்க வேண்டியதில்லை. பந்தயத்திலோ ஒருவன் பெறுவதெல்லாம் மற்றொருவன் இழந்ததிலிருந்து நிலையத்தார் பங்கைக் கழித்த மிச்சமே. நண்பர் இருவர் ஒரு கோப்பை தேநீருக்குப் பந்தயம் பிடித்தலை நாம் பெரிதுபடுத்தவில்லை. காலமும் கருவியும் மாறிவிட்டமையே எமது கவலை. ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் 2018இல் தடையை நீக்கியது. கனடாவில் 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27 முதல் தனி ஆட்டத்தின்மீது பந்தயம் வைத்தல் சட்டத்துக்கு உடன்பாடாயிற்று. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4 முதல் ஒன்ராறியோ மாகாணம் தனியார் நிறுவனங்களுக்கும் வாயில் திறந்தது. முன்னர்க் கடைக்குச் சென்று சீட்டு எழுத வேண்டியிருந்தது. அந்நடை தூரத்தில் மனம் மாறவும் இடமிருந்தது. இப்பொழுது சட்டைப் பையிலுள்ள கைபேசியே பந்தய நிலையம். ஆட்டத்தின் நடுவிலும், அடுத்த கோலை யார் அடிப்பார் என்பதன்மீதும், நள்ளிரவில் மனைவி மக்கள் உறங்குகையிலும் வைக்கலாம். இழந்ததை அதே இரவில் மீட்கத் துடிப்பவனுக்குக் காப்பு வீதமும் இல்லை, கோர்சியும் இல்லை. மாதக் கடைசியில் வீட்டுக் கடன் தவணை ஒன்றே எஞ்சி நிற்கும். சட்டம் இடந்தருதல் வேறு. அறிவு இடந்தருதல் வேறு.

ஈற்றில் நூல்நிலைய நிதி. இதனையும் கணக்கிட்டே பார்ப்போம். நூறு பழைய மாணவர் ஆளுக்கு 110 டொலர் வைத்துச் சரிபாதியினர் வெல்லுகின்றனர் எனக் கொள்க. வென்ற ஐம்பதின்மரின் இலாபம் 5000 டொலர். தோற்ற ஐம்பதின்மரின் இழப்பு 5500 டொலர். நம் கல்லூரிக் குடும்பத்துக்கு முதலிலேயே 500 டொலர் நட்டம். வென்றவர் பத்திலொன்றாகிய 500 டொலரை நூல்நிலையத்துக்கு அளிப்பர். ஆகவே, நூல்நிலையம் 500 டொலர் பெறுதற்கு நம்மவர் கையிலிருந்து 1000 டொலர் செல்லுகிறது. மற்றப் பாதி பந்தய நிலையத்தாருக்கு. ஆளுக்குப் பத்து டொலர் நேரே தந்தால், அதே செலவில் நூல்நிலையம் இருமடங்கு பெறும். கணக்காய்வாளராகிய அன்பர் பிறிதொரு நிறுவனத்தின் ஏட்டில் இத்தகைய செலவைக் கண்டால் சிவப்பு மையால் கோடிடாது விடுவாரோ? தோற்ற ஐம்பதின்மருள், வெளியே சொல்ல இயலாத நிலையில் ஒருவர் இருப்பின், அவர் பெயரில் வாங்கிய நூலை எந்த மாணவன் மகிழ்ச்சியோடு விரிப்பான்?

ஆகவே, எமது வேண்டுகோள் இவை. ரொறன்ரோக் கிளையினரோ வேறெக்கிளையினரோ கல்லூரியின் பெயரால் பந்தயக் குழு அமைத்தலை அனுமதியாதிருத்தல் வேண்டும். ஹொக்கியின் கணக்குகளில் வல்ல பழைய மாணவர், அவ்வல்லமையை நம் உயர்தர வகுப்பு மாணவர்க்குக் கற்பித்து உதவுக. நிகழ்தகவும் நியம விலகலும் பாடநூலில் உலர்ந்து கிடக்கின்றன, வசிலெவ்ஸ்கியும் உல்மார்க்கும் அவற்றுக்கு உயிரளிப்பர். ஒவ்வொரு கிண்ணச் சுற்றுக்கும் பணம் வையாத எதிர்கூறற் போட்டியொன்றை நடத்துக. ஆட்டம் தொடங்குமுன் இன்ன குழு வெல்லும் என்பதை மட்டுமன்றி, நூற்றுக்கு எத்தனை வீதம் என்பதையும் மாணவரும் பழைய மாணவரும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். முடிவில் யார் குறைவாகப் பிழைத்தார் என்று பார்ப்போம். 1967ஆம் ஆண்டில் கிண்ணம் வென்ற பின் 2025 வரை ஒருமுறையேனும் அதனை மீண்டும் ஏந்தாத ரொறன்ரோக் குழுவின்மீது நம்மவர் எத்துணை வீதம் எழுதுகின்றனர் என்பதைக் காணவே ஆவலாயிருக்கிறோம். அன்பு கணக்கை எவ்வளவு வளைக்கும் என்பதற்கு அதனினும் நல்ல பாடம் கிடையாது. வென்றவர்க்கு நல்ல தமிழ் நூலொன்றைப் பரிசளிக்க நாம் இசைகிறோம். போட்டிக்குச் சேரும் ஒவ்வொருவரும் பத்து டொலரை நூல்நிலைய நிதிக்கு முன்னரே செலுத்திவிடுக. அப்பணம் எவ்வாட்டத்திலும் தோற்காது.